கடைசி 70 யூனிட்: கரண்ட் பில்லைக் குறைக்க ஓர் எளிய கணக்கு

போன வருடம் ஏப்ரல்-மே கணக்கில் திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 560 யூனிட் வந்தது. பில் 2,598 ரூபாய். அடுத்த இரண்டு மாதத்தில் அதை 490 யூனிட்டுக்குக் கொண்டுவந்தோம், பில் 1,776 ரூபாய். குறைந்தது 70 யூனிட், மிச்சமானது 822 ரூபாய். வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்குப் பதினொன்றே முக்கால் ரூபாய் வருகிறது. ஆனால் நாங்கள் இருந்த கட்டணப் படியில் ஒரு யூனிட்டின் விலையே 8 ரூபாய் 55 காசுதான். எட்டரை ரூபாய்ப் பொருளை வாங்காமல் விட்டதற்குப் பன்னிரண்டு ரூபாய் எப்படி மிச்சமாகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் வீட்டில் கரண்ட் மிச்சம் பிடிப்பதில் பாதி விஷயம் புரிந்துவிடும். மீதிப் பாதி ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, வெயில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், 2016-லிருந்து இது இருக்கிறது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி சொல்கிறேன்: 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201-லிருந்து 400 வரை 4.80, 401-லிருந்து 500 வரை 6.45. ஐந்நூறைத் தாண்டினால் 600 வரை 8.55, 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70, அதற்கும் மேலே 11.80. 2025-இல் ஏறியதை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் நமக்கு இதே விகிதம் தொடர்ந்தது. நீங்கள் படிக்கும்போது எண்கள் மாறியிருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 101-லிருந்து 200 வரை 2.35 என்ற அந்த மலிவு விலை, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். 501 ஆகிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் பின்னோக்கிப் போய் 4.80 போட்டுவிடுவார்கள். சரியாக 500 யூனிட் ஓட்டியவருக்கு 1,840 ரூபாய். 501 ஓட்டியவருக்கு 2,093 ரூபாய் 55 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 253 ரூபாய்! இட்லிக்கு மாவு ஆட்ட கிரைண்டரை ஓட்டிய நேரத்தில் தாண்டியிருக்கலாம், யாருக்குத் தெரியும்.

எங்கள் 70 யூனிட்டில் 60 யூனிட், 8.55 படியிலிருந்து போனது. 10 யூனிட், 6.45 படியிலிருந்து போனது. கூடவே அந்த மலிவுச் சலுகையும் திரும்பக் கிடைத்தது. மூன்றும் சேர்ந்துதான் 822. ஆகவே "யூனிட் என்ன விலை" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, "என்னுடைய கடைசி யூனிட் என்ன விலை" என்றுதான் கேட்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் குறைக்கும்போது குறைவது எப்போதும் மேலே இருக்கிற விலையுயர்ந்த யூனிட்தான், அடியில் இருக்கிற இலவச யூனிட் அல்ல. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓட்டும் வீட்டில் பத்து யூனிட் குறைத்தால் 23 ரூபாய் 50 காசு மிச்சம். 850 யூனிட் ஓட்டும் வீட்டில் அதே பத்து யூனிட்டுக்கு 107 ரூபாய். முதல் வீட்டுக்காரர் மூவாயிரம் ரூபாய்க்குப் புது ஃபேன் வாங்குவதும் இரண்டாம் வீட்டுக்காரர் வாங்குவதும் ஒன்றல்ல.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிற இடங்களில் இந்தப் படிக்கட்டெல்லாம் கிடையாது. முதல் யூனிட்டும் அதே விலை, கடைசி யூனிட்டும் அதே விலை, இலவசமும் உங்கள் கைக்கு வராது. நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் கணக்கு மட்டும் சுலபம், எந்த யூனிட்டைக் குறைத்தாலும் எட்டு ரூபாய் மிச்சம்.

மீட்டரில் மினுக்கும் விளக்கு

சரி, யூனிட் என்றால் என்ன? 1,000 வாட் இழுக்கும் ஒரு பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அவ்வளவுதான். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பை ஒரே யூனிட்டில் 111 மணி நேரம் எரிக்கலாம். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் முழு சூட்டில் இருந்தால் ஒரு மணி நேரம். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம்.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. சூடாக்குவதும் குளிராக்குவதும் கரண்டைக் குடிக்கும். சுற்றுவதும் ஒளிர்வதும் கொறிக்கும். ஆனால் கொறிக்கிற எலி இருபத்துநாலு மணி நேரமும் கொறித்தால் மூட்டை காலியாகத்தானே செய்யும்? அதனால் வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது, நேரத்தையும் பார்க்க வேண்டும். மிக்சி 750 வாட், கேட்டால் பெரிதாக இருக்கும், சத்தமும் அப்படித்தான். தினமும் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். மிக்சியை மறந்துவிடலாம்.

உங்கள் வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்து பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண்ணும், கூடவே ஆங்கிலத்தில் ஐ.எம்.பி. என்ற எழுத்துகளும் அச்சாகியிருக்கும். 3200 என்றால், விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரு மினுக்கு என்பது ஏறத்தாழ 19 வாட். நிமிடத்துக்குப் பதினாறு மினுக்கு என்றால் 300 வாட். செல்போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்துவிட்டு எண்ண வேண்டியதுதான். கீசரைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் எண்ணவே முடியாது, நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் போகும்.

நான் செய்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் வழக்கம்போல் அணைத்து, ஃப்ரிட்ஜையும் கொஞ்ச நேரம் பிடுங்கி வைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். விளக்கு மினுக்கவே கூடாது. ஆனால் நிமிடத்துக்கு மூன்று முறை மினுக்கியது. 56 வாட். எதுவுமே ஓடாத வீட்டில்! 56 வாட்டை ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 80 யூனிட் வருகிறது. அரசு தரும் இலவச நூறு யூனிட்டில் எண்பது, யாரும் எதையும் பயன்படுத்தாமலேயே போய்க்கொண்டிருந்தது.

குற்றவாளிகள் மூன்று பேர். முதலாவது செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் டி.வி. அணையும், ஆனால் பல செட்டாப் பாக்ஸ்கள் அணைந்தது போல் நடிக்குமே தவிர, உள்ளே கிட்டத்தட்ட அதே அளவுக்கு இழுத்துக்கொண்டுதான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், அதுவே சாட்சி. பத்து வாட் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். இரண்டாவது வைஃபை ரூட்டர், அதை அணைக்கச் சொன்னால் வீட்டில் கலவரம் வரும் என்பதால் விட்டுவிட்டேன். மூன்றாவதுதான் பெரியது: இன்வெர்ட்டர். எங்கள் பேட்டரிக்கு ஆறு வயது. வயதான பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்காது, அதனால் இன்வெர்ட்டர் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளைத் துடைத்து மாட்டியும் பெரிய மாற்றமில்லை. பேட்டரி மாற்றிய பிறகுதான் நிமிடத்துக்கு மூன்று மினுக்கு என்பது இரண்டுக்கும் கீழே வந்தது.

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையெல்லாம் பிடுங்கிய பிறகும் விளக்கு மினுக்கினால் அது வேறு கதை. வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் லைனிலிருந்து வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காசுக்காக மட்டுமில்லை, ஷாக் அடிக்கக்கூடிய விஷயம் அது.

செல்போன் சார்ஜரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதற்காக ஒரு சண்டை நடக்கிறது. போன் மாட்டாமல் சும்மா கிடக்கிற சார்ஜர் இழுப்பது அரை வாட் கூட இருக்காது. இரண்டு மாதம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் தேறாது. என் அம்மா பத்து வருடமாக சார்ஜரைப் பிடுங்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார், அதே பத்து வருடமாக அவர் சீரியல் பார்த்து முடித்ததும் செட்டாப் பாக்ஸை யாரும் அணைத்ததில்லை. இப்போது டி.வி. ஸ்விட்சையும் அவரே சுவரில் அணைக்கிறார், சார்ஜருக்கும் திட்டுகிறார்.

வெயில் வீட்டுக்குள் வராமல் இருந்தால்

நம் ஊரில் வீட்டுக் கரண்ட் பில் என்பது பெரும்பாலும் வெயிலின் பில். ஜனவரி பில்லையும் மே பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுக்க ஃபேனும் ஏசியும்தான். ஆகவே அவற்றை மாற்றுவதற்கு முன், வெயில் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்பது நல்லது.

ஒற்றை மாடி வீட்டுக்கும், அடுக்குமாடியில் கடைசி மாடிக்கும் எமன் மொட்டை மாடிதான். கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் நிதானமாக அறைக்குள் அதைக் கக்கும். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று இதமாக இருக்கும்போது உள்ளே ஃபேன் வெந்நீர் தெளிப்பது போல அனல் காற்றைத் தள்ளுவது அதனால்தான். ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, இருக்கிற காற்றைத்தான் உடம்பில் வீசும், வியர்வை ஆறுவதால் குளிர்ச்சி தெரியும். மேலே கூரை அனலாக இருந்தால் அந்த அனலையே இறக்கித் தரும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரக் கட்டைகளுக்கு மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். அந்தக் கனமும் சுண்ணாம்பும் ஓடும் சேர்ந்து வெயிலைத் தாமதப்படுத்தும். இப்போது பல வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள்: மேஸ்திரி "எதுக்கு சார் வீண் செலவு" என்று சொன்னாலும் மாடியில் தட்டோடோ வெள்ளை டைல்ஸோ போடாமல் விடாதீர்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கு மலிவான வைத்தியம் வெள்ளை அடிப்பது. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்த சிமென்ட் தரை அதை உறிஞ்சும். மாடியை நன்றாகக் கழுவி, பாசி சுரண்டி, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடித்தால் ஒரு கோடை தாங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி கரைந்து போகும். வருடா வருடம் பங்குனியில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் கடையில் கூல் ரூஃப் பெயின்ட் என்று கேட்டு வாங்கலாம், அது சில வருடம் வரும். நாங்கள் சுண்ணாம்புதான் அடித்தோம். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்தது, அதற்கு முன் செருப்பு போட்டாலே சுடும். சாயந்திரம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் நல்ல பழக்கம்தான், ஆனால் போர்வெல் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றி மாடியில் ஊற்றினால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

அடுத்தது மேற்குச் சுவர். சாயந்திர வெயில் தாழ்வாக வந்து சுவரிலும் ஜன்னலிலும் நேராக அடிக்கும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு மேல், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கி அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ, பச்சை வலையோ, கொடி ஏற்றிய பந்தலோ போதும். மனோரஞ்சிதமோ சங்குப்பூவோ ஏற்றிவிட்டால் பில்லும் குறையும், பூவும் கிடைக்கும். அப்புறம் ஜன்னலை எப்போது திறப்பது என்ற விஷயம். காற்றுக்காகப் பகல் முழுக்கத் திறந்து வைப்பது நம் பழக்கம், ஆனால் மே மாதத்து அனல் காற்று அடிக்கும் உள்மாவட்டங்களில் காலை பத்து மணிக்கு மூடி, வெயில் இறங்கியதும் திறப்பதுதான் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். சென்னை போல் புழுக்கமான கடற்கரை ஊரில் இது அந்த அளவுக்கு எடுபடாது, அங்கே காற்றோட்டம்தான் முக்கியம்.

ஏசி, ஃபேன், மற்றவை

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள், அந்த லேபிளில் கீழே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. ஒன்றரை டன் ஏசியில் 1,000 என்று போட்டிருந்தால் மணிக்கு 0.6 யூனிட் சொச்சம், இரவு எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். இன்னொன்றில் 800 என்றிருந்தால் 240. அந்த 60 யூனிட் உங்கள் வீட்டில் எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து, விலை வித்தியாசம் எத்தனை கோடையில் திரும்பி வரும் என்று கணக்குப் போடலாம். லேபிளில் எந்த ஆண்டு என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. அவ்வப்போது அளவுகோலை இறுக்கும். 2022 ஜூலையில் அப்படி இறுக்கியபோது அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த ஏசி நான்காக இறங்கியது. பழைய ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளுபடியில் தருகிறோம் என்று கடையில் சொன்னால் இது ஞாபகம் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏசி இருப்பவர்களுக்கு ஒரே அறிவுரை, 26. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் குறையும் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020-லிருந்து விற்பனைக்கு வரும் அறை ஏசிகள், போட்டவுடன் 24-இல் நிற்கும்படி வைக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். நாங்கள் 22-இல் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறில்லை. 26-இல் வைத்து ஃபேனை இரண்டாம் நம்பரில் ஓடவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையும் தப்பு. சாதாரண ஏசி 26-க்கும் 16-க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர வைக்கும், 16-இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஃபில்டரை மாதம் ஒருமுறை குழாயடியில் கழுவி மாட்டுங்கள், கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை ஒரு பழைய துணியால் அடையுங்கள்.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று சொல்லி விற்கும் புது வகை, ஏறக்குறைய அதே காற்றுக்கு 30 வாட்டில் ஓடும். உள்ளே காந்தம் வைத்த மோட்டாரும் அதை ஓட்ட ஒரு எலக்ட்ரானிக் போர்டும் இருக்கின்றன, சூடாக வீணாகும் கரண்ட் குறைகிறது, அதுதான் ரகசியம். தினமும் 12 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். 6.45 படியில் இருக்கும் வீட்டுக்கு அது 209 ரூபாய், மூவாயிரம் ரூபாய் ஃபேன் என்றால் போட்ட காசு திரும்ப இரண்டரை வருடம் ஆகும். 2.35 படியில் இருக்கும் வீட்டுக்கு ஏழு வருடம் ஆகும், அவர்கள் பழைய ஃபேன் கெட்டுப்போகும் வரை காத்திருக்கலாம். எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எது அதிக நேரம் சுற்றுகிறதோ, எங்கள் வீட்டில் அது ஹால் ஃபேன், அதை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ரூமில் பழையதே இருக்கட்டும். 2023-லிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர லேபிள் கட்டாயம் என்பதால் கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள், இந்த ஃபேனுக்கு அது ஆகாது. இன்னொரு லாபமும் உண்டு, கரண்ட் போனால் அதே இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

ரெகுலேட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய பெரிய டப்பா ரெகுலேட்டரில் ஃபேனைக் குறைத்து வைத்தாலும் கரண்ட் அவ்வளவாகக் குறையாது, மிச்சத்தை அந்தப் பெட்டி சூடாக்கி விரயம் பண்ணும். தொட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சில நூறு ரூபாய்தான்.

விளக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2015-இல் மத்திய அரசு உஜாலா என்ற பெயரில் எல்.இ.டி. பல்பு திட்டம் கொண்டுவந்தபோது (அந்தப் பெயரைக் கேட்டால் நமக்குச் சொட்டு நீலம்தான் ஞாபகம் வரும்) பல்பின் விலை மளமளவென்று இறங்கியது, இன்று குண்டு பல்பு வைத்திருக்கும் வீடு அபூர்வம். பழைய சோக் வைத்த டியூப்லைட் எங்காவது இருந்தால் மட்டும் பாருங்கள். அது சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட்.

ஃப்ரிட்ஜ் வருடம் முழுக்க ஓடுவதால் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள், பின்னால் இருக்கும் சூடு வெளியேறினால்தான் உள்ளே குளிரும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றினால் போதும். காய்ச்சிய பால், வைத்த குழம்பு எல்லாம் ஆறிய பிறகு உள்ளே போகட்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியாகப் படிந்தால் கரைத்துவிடுங்கள். புது ஃப்ரிட்ஜ் வாங்கியதும் பழையதைத் தண்ணீர் பாட்டிலுக்கும் பூவுக்கும் என்று வராந்தாவில் ஓடவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பூவுக்குப் பூக்காரம்மா வாங்கும் விலையைவிட ஈ.பி.காரர் வாங்கும் விலை அதிகம்.

தண்ணீர் மோட்டாரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு குதிரைத் திறன் மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் குடிக்கும். எங்கள் வீட்டில் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது, அதனால் தினமும் மோட்டார் கால் மணி நேரம் கூடுதலாக ஓடியது. இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். சரி செய்ய ஆன செலவு பிளம்பர் கூலியோடு 250 ரூபாய். டேங்க் நிரம்பி வழிவதும் இதே கதைதான். தண்ணீர் வழிகிற சத்தம் என்பது கரண்ட் வழிகிற சத்தமும்தான்.

வாங்கவே கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிளக்கில் மாட்டினால் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டியைப் பவர் சேவர் என்ற பெயரில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான். தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டர் என்ற ஒன்றுக்காகத் தனியாகக் காசு வாங்குவார்கள், அங்கே கெப்பாசிட்டருக்கு வேலை இருக்கிறது. வீட்டு பில்லில் யூனிட்டுக்குத்தான் காசு, அங்கே இந்தப் பெட்டி எதையும் குறைக்காது. அதில் எரியும் அந்தக் குட்டி விளக்குக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் சோலார். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் போலத் தரும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் 5,940 ரூபாய். அவர்கள் 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் மாடியிலிருந்தே வந்துவிடும், மீதி 180 யூனிட்டுக்கு, சோலாருக்கென்று வரும் சில்லறைக் கட்டணங்களை ஒதுக்கிவிட்டால், 188 ரூபாய்தான். அவர்களுக்குப் போட்ட காசு சில வருடங்களில் திரும்பிவிடும், தாராளமாகப் போடலாம். ஆனால் 480 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு மொத்த பில்லே 1,711 ரூபாய், யூனிட்டுக்குச் சராசரி மூன்றரை ரூபாய்தான். அங்கே சோலார் போட்ட காசை எடுக்க அதைவிட ரொம்ப வருடம் காத்திருக்க வேண்டும். முதலில் ஒழுகலை அடைத்து, ஃபேனை மாற்றி, பிறகு எத்தனை யூனிட் மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற அளவில் போடுவதுதான் சரியான வரிசை. மூன்று கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு இரண்டே போதுமானதாக ஆகிவிடலாம்.

நாங்கள் இன்னும் சோலார் போடவில்லை. மீட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை ரீடிங்கை பென்சிலால் எழுதி வைக்கிறோம், போன தடவை ஈ.பி.யில் எடுத்த எண்ணை அதிலிருந்து கழித்தால் இதுவரை எத்தனை என்று தெரியும். இன்று காலை 431 ஆகியிருக்கிறது, 51 நாளில். நாளுக்கு எட்டரை யூனிட் போகிறது, ரீடிங் எடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, பெருக்கிப் பார்த்தால் 507-இல் போய் நிற்கும். அயர்ன் பாக்ஸை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன். ஒன்பது நாளைக்குத் துணியெல்லாம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம்தான் போகும், அவருடையது கரிப் பெட்டி.